வாஷர் எங்கே, நாடா எங்கே: பீர் கெக்குக்கு வாயு இணைக்கும் முறை

முதன்முதலாகச் சிலிண்டரை இணைத்த மறுநாள் காலையில் போய்ப் பார்த்தால், அழுத்தமானியின் முள் பூஜ்ஜியத்தில் படுத்திருந்தது. இரவோடு இரவாக ஒரு சிலிண்டர் வாயுவும் போய்விட்டது. மரையில் வெள்ளை டெஃப்லான் நாடாவை ஆறு சுற்றுச் சுற்றி, ஸ்பேனரால் மூச்சுப்பிடித்து இறுக்கியிருந்தேன். கசிய வழியே இல்லை என்று நம்பித் தூங்கப் போனேன். காரணம் மேசை இழுப்பறையில் கிடைத்தது. வாயுவின் அழுத்தத்தைக் குறைத்துத் தரும் ரெகுலேட்டருடன் வந்த சின்ன பிளாஸ்டிக் உறைக்குள், சட்டைப் பொத்தான் அளவே இருந்த ஒரு நைலான் வாஷர். உறையைப் பிரிக்கவே இல்லை. அந்த மூட்டில் வாயுவை அடைப்பது வாஷர்தான். மரையின் வேலை இரண்டு பாகங்களையும் சேர்த்துப் பிடிப்பது மட்டுமே.

கரியமில வாயுச் சிலிண்டரிலிருந்து கெக் (பீரை அழுத்தத்தில் வைத்திருக்கும் கலன்) வரை ஐந்தாறு மூட்டுகள் வருகின்றன. ஒரு மூட்டை அடைப்பது வாஷர், இன்னொன்றை நாடா, வேறொன்றை ரப்பர் வளையம். ஆகவே ஸ்பேனரைக் கையில் எடுக்கும் முன் ஒவ்வொரு மூட்டிலும் கேட்டுக்கொள்ளுங்கள்: இங்கே வாயுவை அடைப்பது எது? விடை தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

வீட்டில் பீர் காய்ச்ச உங்கள் நாட்டுச் சட்டம் இடம் தருகிறதா என்பதை முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். சோடா, இஞ்சிப் பானம் போன்றவற்றைக் கெக்கில் வைப்பவர்களுக்கும் கீழே சொல்வது அப்படியே பொருந்தும்.

சிலிண்டரும் அறையும்

சிலிண்டருக்குள் கரியமில வாயு பெரும்பாலும் திரவமாக இருக்கிறது. மேலே கொஞ்சம் இடத்தில் மட்டுமே வாயு. 20 டிகிரி செல்சியஸில் அந்த வாயுவின் அழுத்தம் சுமார் 57 பார், அதாவது 830 பிஎஸ்ஐ (இரண்டும் அழுத்தத்தின் அலகுகள்). கடைசிச் சொட்டுத் திரவம் ஆவியாகும் வரை, வெப்பநிலை மாறாவிட்டால், அழுத்தமும் ஏறக்குறைய அங்கேயே நிற்கும். ஆகவே மானியைப் பார்த்து "இன்னும் பாதி இருக்கிறது" என்று சொல்ல முடியாது. முள் இறங்கத் தொடங்கும்போது திரவம் தீர்ந்துவிட்டது என்று பொருள். மிஞ்சியிருப்பது கொஞ்ச நேரத்துக்குத்தான். சிலிண்டரைக் குளிர்பெட்டிக்குள் வைத்தால் 4 டிகிரியில் அதே முள் 39 பார் அருகில் நிற்கும். வாயு குறைந்துவிட்டதாக எண்ணி நிரப்பும் இடத்துக்குத் தூக்கிக்கொண்டு ஓடியவர்கள் உண்டு. சரியான அளவுகோல் தராசுதான். வெற்றுச் சிலிண்டரின் எடை அதன் தோளில் பொறிக்கப்பட்டிருக்கும்; இப்போதைய எடையிலிருந்து அதைக் கழித்தால் மிச்சம் வாயுவின் எடை.

சிலிண்டர் எப்போதும் நிமிர்ந்தே நிற்க வேண்டும். படுக்க வைத்தால் வாயுவுக்குப் பதில் திரவம் ரெகுலேட்டருக்குள் பாயும். உள்ளே இருப்பதெல்லாம் உறைந்து கெடும். சங்கிலியாலோ பட்டையாலோ சுவரிலோ கெட்டியான சட்டத்திலோ கட்டிவிடுங்கள். கீழே விழுந்து வால்வு உடைந்த சிலிண்டரை யாராலும் பிடிக்க முடியாது. வெயிலில் நிற்கும் வண்டிக்குள்ளும் விட்டுவிடாதீர்கள்.

இந்த வாயுவுக்கு நிறமில்லை, காற்றைவிடக் கனம், தாழ்வான இடத்தில் தேங்கும். ஒரு கிலோ வெளியே வந்தால் அறை வெப்பத்தில் சுமார் 540 லிட்டர். ஒரு கணக்குப் போடுவோம். இரண்டரைக் கிலோ சிலிண்டர் முழுக்கக் கசிந்தால் 1,350 லிட்டர். நீளம், அகலம், உயரம் மூன்றும் 3 மீட்டராக உள்ள அறையில் காற்று 27,000 லிட்டர். ஆக, அறைக் காற்றில் 5 சதவீதம் கரியமில வாயு. எட்டு மணி நேர வேலைக்குப் பல நாடுகள் வகுத்த வரம்பு 0.5 சதவீதம்தான், இது அதைப்போல் பத்து மடங்கு. என் சிலிண்டர் காலியான இரவில் ஜன்னல் திறந்திருந்தது. அது என் சாமர்த்தியம் அல்ல, அன்றைய புழுக்கம். காற்றோட்டமில்லாத நிலவறையும் படுக்கையறையும் இதற்கு ஏற்ற இடங்கள் அல்ல. கரியமில வாயுவை உணரும் எச்சரிக்கைக் கருவி கிடைக்கிறது. மூடிய அறையில் வைப்பவர்கள் அதை வாங்கிவிடுவதே நல்லது. காரணமில்லாமல் மூச்சு வாங்கினாலோ தலை கனத்தாலோ முதலில் வெளியே போங்கள். கசிவைத் தேடுவதைப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

ரெகுலேட்டரைப் பூட்டுதல்

ரெகுலேட்டரில் இரண்டு மானிகள் இருக்கும். ஒன்று சிலிண்டரின் அழுத்தத்தைக் காட்டும், இன்னொன்று கெக்குக்குப் போகும் அழுத்தத்தைக் காட்டும். நடுவே ஒரு சவ்வும் ஸ்பிரிங்கும். முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் திருகை உள்ளே திருகினால் ஸ்பிரிங் சவ்வை அழுத்தும், அதிக வாயு வழி பெறும். பெரும்பாலானவற்றில் வலப்பக்கம் திருகினால் அழுத்தம் கூடும், இடப்பக்கம் திருகினால் குறையும்.

வாங்கும்போதே சிலிண்டர் வால்வும் ரெகுலேட்டர் நட்டும் ஒரே தரத்தைச் சேர்ந்தவையா என்று பாருங்கள். அமெரிக்காவில் சிஜிஏ 320, ஆஸ்திரேலியாவில் டைப் 30, ஜெர்மனியில் டபிள்யூ 21.8 என்று நாட்டுக்கு நாடு மாறும். சோடா தயாரிக்கும் கருவிகளின் சிறு சிலிண்டருக்கு வேறு மரை. சரியான இணைப்பான் ஒன்று இருந்தால் போதும். மூன்று இணைப்பான்களை வரிசையாக மாட்டித்தான் பொருத்த முடியும் என்றால் தவறான ரெகுலேட்டரை வாங்கிவிட்டீர்கள். கசியக்கூடிய இடங்களைப் பணம் கொடுத்துக் கூட்டிக்கொள்ள வேண்டாம்.

பூட்டும் முன், முன்னால் உள்ள திருகை இடப்பக்கமாகத் திருகித் தளர்வாக ஆடும் நிலைக்குக் கொண்டுவாருங்கள். எந்தச் சூழலிலும் தவறக் கூடாத படி இது. மறந்துவிட்டுச் சிலிண்டரைத் திறந்தால் அந்தப் பக்கம் எவ்வளவு அழுத்தம் பாயும் என்பது போனமுறை திருகை எங்கே விட்டீர்கள் என்பதைப் பொறுத்தது.

சிலிண்டர் வால்வின் வாயை உலர்ந்த சுத்தமான துணியால் துடையுங்கள். தூசி உள்ளே போனால் ரெகுலேட்டரின் உள்வால்வு சரியாக மூடாது. பின்னாளில் நீங்கள் வைத்த அழுத்தம் தானாகவே மெல்ல ஏறிக்கொண்டிருக்கும். அடுத்து வாஷர். நாரால் ஆன வாஷரானால் ஒவ்வொரு முறையும் புதிது. நைலான் என்றால் நசுங்கித் தேயும் வரை சில முறை உழைக்கும். சில ரெகுலேட்டர்களில் முனையிலேயே ரப்பர் வளையம் பதிந்திருக்கும். அதற்குத் தனி வாஷர் வேண்டாம், போட்டால்தான் கசியும். நாடா, எண்ணெய், கிரீஸ் எதுவும் இங்கே கூடாது.

நட்டை முதலில் கையாலேயே திருகுங்கள். மூன்று நான்கு சுற்று எந்த எதிர்ப்பும் இல்லாமல் போக வேண்டும். போகாவிட்டால் மரை கோணலாக ஏறுகிறது, கழற்றித் திரும்பத் தொடங்குங்கள். முழுக்க ஏறியபின் ஸ்பேனரால் உறுதியாக இறுக்கினால் போதும்.

இப்போது மானிகளுக்கு நேராக முகத்தை வைக்காமல் ஒரு பக்கமாக நின்றுகொண்டு, சிலிண்டர் வால்வை மெல்லத் திறங்கள். முள் எழுந்து நின்றதும் வால்வை முழுவதும் திறந்துவிடுங்கள். பல வால்வுகள் பாதி திறந்த நிலையில் தண்டைச் சுற்றிக் கசியும். முழுக்கத் திறந்தால்தான் அந்த இடமும் அடைபடும். குழாயை மாட்டும் முன்பே நட்டைச் சுற்றிச் சோப்பு நீரைத் தடவிப் பாருங்கள். ஒரே ஒரு மூட்டு இருக்கும்போது கசிவைப் பிடிப்பது சுலபம். ஆறு மூட்டான பிறகு தேடுவது வேறு கதை.

குழாய் வரையுள்ள மூட்டுகள்

அடுத்த வேலைக்கு முன் சிலிண்டரை மூடி, ரெகுலேட்டரில் உள்ள வாயுவை வெளியேற்றிவிடுங்கள். அழுத்தம் இருக்கும் எந்த மூட்டிலும் ஸ்பேனர் வைக்கக் கூடாது.

ரெகுலேட்டரின் உடலோடு மானிகளும் அடைப்பு வால்வும் சேரும் இடத்தில் பெரும்பாலும் கூம்பு மரை இருக்கும். மரையே கூம்பாகக் குறுகிச் சென்று இறுகுவது இது. நாடாவுக்கு வேலை இங்கேதான். மரை முனையை உங்களை நோக்கிப் பிடித்து வலஞ்சுழியாக மூன்று நான்கு சுற்று. நுனியில் ஒரு மரையை நாடாவில்லாமல் விட்டுவிடுங்கள், இல்லையேல் நாடாத் துணுக்கு உள்ளே போகும். தொழிற்சாலையிலேயே இறுக்கி வந்த மூட்டுகளைச் சும்மா விடுவதே நல்லது.

ஃபிளேர் மூட்டு வேறு வகை. ஆண் முனையில் கூம்பு வடிவம், அதன்மேல் வந்து அமரும் பெண் முனை. உலோகம் உலோகத்தின் மேல் படிந்து அடைக்கிறது. கெக்கில் மாட்டும் முனைகள் பலவற்றில் கால் அங்குல ஃபிளேர் இருக்கும். அவற்றின் முனை பிளாஸ்டிக்காக இருந்தால், இடையே சிறு நைலான் வாஷர் வைப்பது வழக்கம். நாடா சுற்றினால் கூம்பு சரியாக அமராது. கழிவறைக் குழாய் முதல் தோட்டக் குழாய் வரை எல்லாவற்றுக்கும் நாடா சுற்றிப் பழகிய கைக்கு இதை நம்பச் சிரமமாக இருக்கும், தெரியும்.

முள்ளுமுனையில் (குழாய் நழுவாமல் பிடிக்க வரிவரியாக விளிம்புகள் உள்ள முனை) குழாயைச் செருகும் முறையில், குழாய் நுனியை ஒரு நிமிடம் வெந்நீரில் முக்கினால் சுலபமாக ஏறும். கடைசி வரை தள்ளிவிட்டு ஹோஸ் கிளிப்பை முள்ளின் மேல் வருமாறு வைத்து இறுக்குங்கள். ரப்பர் பிதுங்கும் அளவுக்கு வேண்டாம். குழாய் உணவுத் தரமானதாகவும் இந்த அழுத்தத்துக்கு உரியதாகவும் இருக்க வேண்டும். மீன் தொட்டிக்கு வாங்கிய மெல்லிய குழாயை எடுத்து மாட்டாதீர்கள்.

செருகினாலே பூட்டிக்கொள்ளும் இணைப்பிகள் இப்போது பரவலாகிவிட்டன. அவற்றில் உள்ளே இருக்கும் ரப்பர் வளையம் குழாயின் வெளிப்புறத்தைக் கவ்வி அடைக்கிறது. ஆகவே குழாயின் வெளிவிட்டம் சரியாக இருக்க வேண்டும், நுனி நேராக வெட்டப்பட்டிருக்க வேண்டும், வெளிப்பரப்பில் கீறல் கூடாது. 8 மில்லிமீட்டரும் 5/16 அங்குலமும் ஏறக்குறைய ஒன்றே. 3/8 அங்குலம் 9.5 மில்லிமீட்டர், அது இதில் போகாது. கத்தரிக்கோல் குழாயை நசுக்கி முட்டை வடிவமாக்கும், கூரான கத்தியால் ஒரே வெட்டாக வெட்டுங்கள். தள்ளும்போது முதலில் ஒரு தடை தெரியும். அதையும் தாண்டித் தள்ளினால்தான் வளையத்துக்குள் போகும். பிறகு ஒருமுறை இழுத்துப் பாருங்கள்.

வழியில் எங்காவது ஒருவழி வால்வு இருக்கட்டும். பல அடைப்பு வால்வுகளில் அது உள்ளேயே இருக்கிறது. தனியாக வாங்கினால் அதன்மேல் உள்ள அம்புக்குறி கெக்கை நோக்கி இருக்க வேண்டும். கெக்கின் அழுத்தம் ரெகுலேட்டரின் அழுத்தத்தைவிடக் கூடிவிட்டால் பீர் குழாய் வழியே பின்னால் ஏறும். ரெகுலேட்டருக்குள் போன பீர் காய்ந்து பிசினாகும். அந்த மணம் எவ்வளவு துடைத்தாலும் போவதில்லை.

கெக்கின் பக்கம்

வீட்டில் அதிகம் புழங்குவது 19 லிட்டர் கொள்ளும் கார்னி கெக். கார்னீலியஸ் என்ற நிறுவனத்தின் பெயரிலிருந்து வந்த செல்லப் பெயர்; குளிர்பான நிறுவனங்களுக்காகச் செய்யப்பட்ட கலன் இது. பெப்சி பயன்படுத்தியது பால் லாக் (சிறு குண்டுகளால் பூட்டும் வகை), கோகோ கோலா பயன்படுத்தியது பின் லாக் (சிறு முட்களால் பூட்டும் வகை). இரண்டின் முனைகளும் ஒன்றுக்கொன்று பொருந்தாது. உங்களிடம் இருப்பது எது என்று பார்த்தபின் பாகங்களை வாங்குங்கள்.

மேலே இரண்டு போஸ்டுகள் (குழாய்களை மாட்டும் முனைகள்) நிற்கும்: ஒன்று வாயு உள்ளே போக, மற்றது பீர் வெளியே வர. வாயுப் போஸ்டின் கீழே உள்ளது கையளவு நீளமும் இல்லாத குட்டைக் குழாய். பீர்ப் போஸ்டின் கீழே உள்ளது அடிவரை போகும் நீளக் குழாய். பின் லாக்கில் வாயுவுக்கு இரண்டு முள், பீருக்கு மூன்று. மாற்றி மாட்டவே முடியாது. பால் லாக்கில்தான் ஆபத்து. இரண்டும் பார்க்க ஒன்றுபோல் இருக்கும், விட்டம் மயிரிழை வேறுபடும். வாயுவின் டிஸ்கனெக்டை (குழாய் நுனியில் இருந்து போஸ்டில் மாட்டும் இணைப்பி) பீர்ப் போஸ்டில் அழுத்தி மாட்டினால் கழற்ற அரை நாள் ஆகும். வாயுப் போஸ்டின் அடிப்பாகத்து மூலைகளில் சிறு வெட்டுகள் இருக்கும் அல்லது கெக்கிலேயே பொறித்திருப்பார்கள். டிஸ்கனெக்டில் சாம்பல் நிறம் வாயுவுக்கு, கறுப்பு பீருக்கு. சுலபமாக இறங்காவிட்டால் நிறுத்துங்கள், தவறான போஸ்டாக இருக்கலாம்.

ஒரு கெக்கில் ஐந்து ரப்பர் வளையங்கள் உண்டு: மூடிக்கு ஒன்று, போஸ்டுகளின் வெளியே இரண்டு, உள்ளே குழாய்களின் கழுத்தில் இரண்டு. கடைசி இரண்டையும் பலர் மறக்கிறார்கள். பழைய கெக் வாங்கினால் ஐந்தையும் மாற்றிவிடுங்கள். உணவுத் தரச் சிலிக்கான் மசகைப் பட்டும் படாமலும் பூசினால் நன்றாக அமரும். பெட்ரோலியம் ஜெல்லி வேண்டாம். சில வகை ரப்பரை அது உப்பச் செய்து கெடுக்கும்.

பீரை நிரப்பும்போது வாயுவின் குட்டைக் குழாய் நனையாமல் இடம் விடுங்கள். போஸ்டுகளைக் கழற்ற வேண்டியிருந்தால் முதலில் மூடி வால்வின் இழுவளையத்தை இழுத்து அழுத்தத்தை முழுக்க வெளியேற்றுங்கள். அழுத்தத்தோடு கழற்றிய போஸ்ட் கூரையைப் போய் அடிக்கும்; முகம் குறுக்கே இல்லாமல் இருந்தால் பாக்கியம்.

வாயுவைத் திறக்கும் வரிசை

எல்லாம் மாட்டியபின் வரிசை இது. முன்திருகு தளர்ந்திருக்கிறது, அடைப்பு வால்வு மூடியிருக்கிறது. சிலிண்டரைத் திறங்கள். முன்திருகை மெல்ல வலப்பக்கம் திருகி 2 பார், அதாவது சுமார் 30 பிஎஸ்ஐக்குக் கொண்டுவாருங்கள். சாம்பல் டிஸ்கனெக்டை வாயுப் போஸ்டில் அழுத்தி மாட்டிவிட்டு, அடைப்பு வால்வைத் திறங்கள். "உஸ்" என்று கொஞ்ச நேரம் ஓடி நிற்கும். மூடியின் ரப்பர் வளையம் இந்த அழுத்தத்தில்தான் நன்றாகப் படியும். எடுத்த எடுப்பிலேயே 0.7 பாரில் வைத்தால் பழைய மூடிகள் ஓரத்தில் கசியும்.

மூடி வால்வின் இழுவளையத்தை இழுத்து விடுங்கள், மறுபடி நிரம்ப விடுங்கள், மறுபடி இழுங்கள். நான்கைந்து முறை. மேலே தங்கிய காற்று போய் வாயு நிறையும். பீரைப் பழசாக்கும் ஆக்சிஜன் குறையும்.

இனி அழுத்தத்தைக் குறைக்க வேண்டும். புதியவர்கள் அதிகம் குழம்பும் இடம் இது. திருகை இடப்பக்கம் திருப்புகிறீர்கள், முள் அசைவதில்லை. இன்னும் திருப்புகிறீர்கள், அப்போதும் அசைவதில்லை. ரெகுலேட்டர் கெட்டுவிட்டதோ என்ற பயம் வரும். கெடவில்லை. திருகு இனி வரும் வாயுவைத்தான் குறைக்கும். ஏற்கெனவே முன்னால் அடைபட்ட வாயுவைத் திரும்பி வாங்காது. அதற்கு வெளியேற வழி வேண்டும். ஆகவே திருகை நன்றாகத் தளர்த்திவிட்டு, மூடி வால்வின் இழுவளையத்தை இழுத்து அழுத்தத்தை இறக்குங்கள். முள் விழும். பிறகு கீழிருந்து மேலாக வேண்டிய அளவுக்கு ஏற்றுங்கள். ஒருவழி வால்வு இருந்தால் மானி காட்டுவது குழாயின் அழுத்தம் மட்டுமே, கெக்குக்குள் அதைவிடக் கூடுதலாக இருக்கக்கூடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

எந்த அளவு? பீர் 4 டிகிரியில் இருந்தால் 0.8 பார், சுமார் 12 பிஎஸ்ஐ. ஒரு லிட்டர் பீரில் ஏறக்குறைய இரண்டரை லிட்டர் வாயு கரையும் நிலை அது. பல வகைப் பீருக்குப் பொருந்தும். அப்படியே மாட்டி வைத்தால் பத்து நாளில் தயார். அறை வெப்பத்தில், 20 டிகிரியில், அதே அளவு கரைய 1.9 பார் வரை தேவை. எனவே முதலில் குளிர வைப்பதே வழி. அவசரக்காரர்கள் குளிர்ந்த கெக்கை 2 பாரில் ஒன்றரை நாள் வைத்து, பிறகு வெளியேற்றி 0.8க்கு இறக்குவார்கள். அதை மறந்து மூன்று நாள் விட்டால் குவளையில் விழுவது முழுக்க நுரை. நான் பத்து நாள் காத்திருக்கும் கட்சி.

கறுப்பு டிஸ்கனெக்டின் பக்கம் சுருக்கமாக: உள்விட்டம் 4.8 மில்லிமீட்டர் உள்ள குழாய், ஏறக்குறைய 3 மீட்டர் நீளம். நீளம் அதிகமாகத் தோன்றும். வெட்டிக் குறைத்தால் அழுத்தம் வழியில் தணியாமல் நுரை பொங்கும்.

இந்த அழுத்தமெல்லாம் எஃகுக் கெக்குக்கு உரியது. கண்ணாடிப் பாத்திரத்தில் ரெகுலேட்டரை ஒருபோதும் இணைக்காதீர்கள். பிளாஸ்டிக் கலன் என்றால் அதன் மேல் எழுதியுள்ள வரம்பைப் படித்துவிட்டு, அதற்கு நன்றாகக் கீழே வையுங்கள்.

கசிவைப் பிடித்தல்

சோப்பு நீர் ஒரு தெளிப்பான் நிறைய. நட்டு, மானிகளின் கழுத்து, ஃபிளேர், கிளிப், இரண்டு போஸ்டுகள், மூடியின் ஓரம், மூடி வால்வு என்று ஒவ்வொன்றிலும் தெளித்து நிதானமாகப் பாருங்கள். பெரிய கசிவு உடனே குமிழியிடும். சின்னக் கசிவு அரை நிமிடம் கழித்து நுரைப்பூவாகப் பூக்கும். அவசரப்பட்டு அடுத்த மூட்டுக்குப் போனால் தவறவிடுவீர்கள்.

இரவு முழுதும் வைக்கும் சோதனை இன்னும் நுட்பமானது. கெக் காலியாக இருக்கும்போது 2 பார் ஏற்றி, சிலிண்டர் வால்வை மூடி, இரு மானிகளின் அளவையும் குறித்துவைத்துக் காலையில் பாருங்கள். பீர் நிறைந்த கெக்கில் இதைச் செய்தால் ஏமாந்துபோவீர்கள்: பீர் வாயுவை உறிஞ்சும், முள் இறங்கும், கசிவே இல்லாத இணைப்பை நீங்கள் பிரித்துப்போடுவீர்கள். சாயங்காலம் சூடாக இருந்த அறை விடியலில் குளிர்ந்தாலும் முள் கொஞ்சம் இறங்கும். கணிசமாக இறங்கியிருந்தால் மட்டும் மறுபடி சோப்பு நீர்.

மூட்டு குமிழியிட்டால் இன்னும் இறுக்கத் தோன்றும். அதற்கு முன் அழுத்தத்தை வெளியேற்றிப் பிரித்துப் பாருங்கள். வாஷர் மடங்கியிருக்கும், கூம்பில் நாடாத் துணுக்கு ஒட்டியிருக்கும், குழாய் நுனி கோணலாக வெட்டுப்பட்டிருக்கும். நான் பிரித்துப் பார்த்தவற்றில் உண்மையிலேயே இறுக்கம் போதாமல் கசிந்தது மிகச் சில.

சிலிண்டரை நிரப்பக் கழற்றும்போது: சிலிண்டர் வால்வை மூடுங்கள், கெக்கிலிருந்து டிஸ்கனெக்டை எடுங்கள், ரெகுலேட்டரின் விடுவிப்பு வால்வை இழுத்து இரு முள்ளும் பூஜ்ஜியத்துக்கு வரும்வரை விடுங்கள், முன்திருகைத் தளர்த்துங்கள், அதன் பிறகே ஸ்பேனர். கழற்றிய வாஷர் நட்டுக்குள்ளேயே ஒட்டியிருக்கும் அல்லது சிலிண்டரோடு போய்விடும். உபரியாகப் பத்து வாங்கி ரெகுலேட்டரிலேயே ஒரு நூலில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன்.

சிலிண்டரில் ஒரு ஒட்டுத்தாளை ஒட்டி, ஒவ்வொரு கெக் தீர்ந்ததும் எடையை எழுதுங்கள். 19 லிட்டர் பீரில் இரண்டரை மடங்கு வாயு கரைய ஏறக்குறைய 93 கிராம். அதை முழுவதும் ஊற்றித் தீர்க்க 0.8 பாரில் இன்னொரு 66 கிராம். மூடியை இழுத்து வெளியேற்றியதையும் சேர்த்தால் 200 கிராமுக்குள் முடிந்துவிட வேண்டும். தாளில் ஒரு கெக்குக்கு அரைக் கிலோ குறைந்திருக்கிறது என்றால், தெளிப்பானை எடுத்துக்கொண்டு நட்டிலிருந்து தொடங்குங்கள்.